கரண்டு தாளும் ஆண்டிபட்டி எலுமிச்சம்பழமும்

ஆராய்ச்சி மாணவனிடம் "என்னப்பா செய்ற?" என்று யாரும் கேட்கக் கூடாது. பெரும்பாலானவர்கள் ஒன்றும் புரியாதபடி பதில் சொல்வார்கள். கேட்டவர் காப்பியைக் குடித்துவிட்டு நிம்மதியாக எழுந்து போய்விடுவார். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆபத்தானவன், புரியும்படி சொல்கிறவன். நான் புரியும்படி சொன்னேன். அதனால் எங்கள் அந்தோணிச் சித்தப்பாவின் வலது கை போகப் பார்த்தது.

(இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. ராயப்பன்பட்டியே சொல்லிச் சிரிக்கிற கதையை நான் ஒருத்தன் மட்டும் மூடி வைத்து என்ன ஆகப் போகிறது.)

2007-இல் நான் சென்னையில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் மூன்றாவது வருடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பிளாஸ்டிக் கரண்டைக் கடத்தாது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். கடத்துகிற பிளாஸ்டிக்கும் உண்டு. அதில் ஒன்றுக்குப் பாலிஅனிலின் என்று பெயர். அதை உடம்பு ஏற்றுக்கொள்ளும் பொருளோடு கலந்து வார்த்தால் கரும்பச்சை நிறத்தில் மெல்லிய தாளாக வரும். நரம்பும் தன் சேதியை மின்சாரமாகத்தான் அனுப்புகிறது. ஆகவே அறுந்த நரம்பின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் இந்தத் தாளைப் பாலமாக வைத்தால், நரம்பு அதன்மேல் படர்ந்து மறுமுனையைத் தொடும். இது கனவு. நிஜம் என்னவென்றால், கண்ணாடித் தட்டில் வளர்த்த எலியின் உயிரணுக்கள் என் தாள்மேல் சில தடவை கை நீட்டி வளர்ந்தன; பல தடவை செத்துப் போயின. ஊருக்குப் போன் பேசும்போது நான் கை நீட்டியவற்றைப் பற்றி மட்டும் பேசினேன். செத்தவர்களைப் பற்றிப் பேசுவது மரியாதையில்லை என்று விட்டுவிட்டேன் போல.

சித்தப்பா திராட்சை விவசாயி. கவாத்து வெட்டுவதில் அவருக்குத் தனிப் பெயர். பந்தலுக்கு அடியில் அண்ணாந்து நின்று, எந்தக் கொடியில் எத்தனை கண் விட்டு வெட்டினால் எத்தனை குலை வரும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வார். சின்னமனூர், மார்க்கையன்கோட்டைப் பக்கமிருந்தெல்லாம் கவாத்துக்கு அவரைக் கூப்பிட்டுப் போவார்கள். அந்தக் கையைத்தான் பந்தல் கம்பி பதம் பார்த்தது. இழுத்துக் கட்டும்போது கம்பி அறுந்து சுழன்று வந்து மணிக்கட்டின் உள்பக்கத்தைக் கிழித்துவிட்டது. பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் மேல்தோலை மட்டும் தைத்து அனுப்பினார்கள். புண் ஆறியது. ஆனால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போய் உள்ளே மடங்கிக்கொண்டன. கவாத்துக் கத்தரியைப் பிடித்தால் நழுவிக் கீழே விழுந்தது.

மதுரையில் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். உள்ளே நரம்பு அறுந்து விலகிவிட்டது, கெண்டைக்காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்து அந்த இடைவெளியில் வைத்துத் தைக்க வேண்டும், தள்ளிப்போட்டால் கையில் சதை சூம்பிவிடும், அப்புறம் எதைச் செய்தாலும் பிரயோஜனம் இல்லை என்று அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். தேதியும் குறித்துக் கொடுத்தார். சித்தப்பா வீட்டுக்கு வந்து முதல் வேலையாக எனக்குப் போன் போட்டார்.

"ஏலே சேவியரு, கால்ல இருந்து நரம்பெடுத்துக் கையில வைப்பாகளாம்டா. கைதான் போச்சு, காலும் போயிட்டா நான் தோட்டத்துல எப்படி நிப்பேன்? நீ அந்தக் கரண்டு தாளுதான செய்ற? அதை வச்சா ஆகாதா?"

கால்படி அறிவுள்ள எவனும் "டாக்டர் சொல்றதக் கேளுங்க சித்தப்பா" என்று சொல்லியிருப்பான். நான் ஆராய்ச்சி மாணவன். "கால்ல இருந்து எடுக்கிறதெல்லாம் பழைய முறை சித்தப்பா. எங்க தாளு வந்திருச்சுன்னா அதுக்கெல்லாம் வேலையே இருக்காது" என்றேன். 'வந்திருச்சுன்னா' என்பதைக் கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னேன். என் தரப்பில் சொல்வதற்கு இருக்கிற ஒரே நியாயம் அதுதான்.

அடுத்த மாதம் எங்கள் சர்ச்சின் பங்கு இளைஞர் சங்கம் எனக்குப் பாராட்டு விழா எடுத்தது. எதற்கு என்று கேட்காதீர்கள். பட்டம் வாங்கவில்லை, பரிசு வாங்கவில்லை, ஒரே ஒரு கருத்தரங்கில் சுவரில் ஒட்டிய என் ஆராய்ச்சி போஸ்டருக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்திருந்தேன். அதை அம்மா ஊரெல்லாம் காட்டிவிட்டாள். பஸ் ஸ்டாப்பில் பத்தடிக்கு ஃபிளெக்ஸ். 'அறுந்த நரம்புக்கு உயிர் தரும் எங்கள் மண்ணின் விஞ்ஞானியே வருக.' ஊருக்கு வந்து இறங்கியதும் அதைப் பார்த்தேன். அவிழ்க்கச் சொல்லியிருக்க வேண்டும். படத்தில் என் இடது காது சரியாக விழவில்லையே என்று மட்டும் வருத்தப்பட்டேன்.

வீட்டில் பையை வைப்பதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து லூர்து சித்தி வந்தாள். சித்தப்பாவின் மனைவி.

"ஏப்பா சேவியரு, ஒஞ் சித்தப்பா மதுரைக்கு வரலைன்னு சொல்லிட்டாக. டாக்டரு குடுத்த தேதி போன வாரமே போயிருச்சு. நம்ம பிள்ளையே வைப்பான், எதுக்குக் காலை வெட்டணும்னு சொல்றாக. நீ எப்பப்பா வைக்கப் போற?"

அரை நொடி பெருமையாக இருந்தது. அதற்கப்புறம்தான் கணக்குப் போட்டேன். எலிக்குக்கூட இன்னும் வைத்துப் பார்க்கவில்லை. மனிதருக்கு வைக்க வேண்டுமென்றால் எத்தனை வருடம், எத்தனை அனுமதி. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மறுநாள் விழா. மேளம் சொல்லியாயிற்று, சமோசாவும் சொல்லியாயிற்று. விழா முடிந்ததும் சித்தப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். ஒரு மனுஷனின் கையைவிட ஒரு சால்வை எனக்குப் பெரிதாக இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

சென்னையிலிருந்து ஒரே ஒரு தாள் கொண்டுவந்திருந்தேன். உள்ளங்கை அகலம், கரும்பச்சை நிறம், இருந்ததிலேயே நல்ல தாள். பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து மேசைமேல் வைத்துவிட்டு, மறுநாள் காலையிலேயே உத்தமபாளையம் சலூனுக்குப் போய்விட்டேன். மேடையில் முகம் பளிச்சென்று இருக்க வேண்டுமாம். நான் அங்கே முகத்துக்கு பிளீச்சிங் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே என் ஆராய்ச்சிக்கும் பிளீச்சிங் நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

சாயங்காலம் பங்கு மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் நடுநாயகமாகப் பங்குச் சாமியார், பக்கத்தில் நான். முதல் வரிசையில் சித்தப்பா, வலது கையை இடது கையால் மடியில் ஏந்திக்கொண்டு. அந்தக் கையை நான் பார்க்காமல் இருக்க முயன்றேன். பெண்கள் பக்கத்தில் சித்தி. ஆண்டிபட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்த பெரியத்தையும் அவளோடு உட்கார்ந்திருந்தாள்.

பேசினேன். மைக் கையில் கிடைத்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. மனித உடம்பு ஒரு மின்சார வாரியம் என்றேன். நரம்பு அறுவதுதான் பவர் கட் என்றேன். (கைதட்டல். அந்த வருடம் பவர் கட் என்று சொன்னால் எதற்கும் கைதட்டினார்கள்.) பிறகு ஒரு பேட்டரி, ஒரு சின்ன எல்இடி பல்பு, இரண்டு கிளிப்பு இவற்றை மேசையில் வைத்தேன். "இந்தத் தாளை நடுவில் வைத்ததும் விளக்கு எரியும். நாளைக்கு இதே தாள்தான் நரம்பாக மாறும்" என்று சொல்லி டப்பாவைத் திறந்தேன்.

தாள் நீலமாக இருந்தது. கவனித்திருக்க வேண்டும். டியூப்லைட் வெளிச்சம் அப்படிக் காட்டுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லேசாக சோப்பு வாசனை வந்தது. அது என் முகத்திலிருந்து வருகிறது என்று நினைத்தேன்.

கிளிப்புகளை மாட்டினேன். பல்பு எரியவில்லை. கழற்றி மாட்டினேன். எரியவில்லை. பல்பைத் திருப்பிப் போட்டேன், பேட்டரியை நாக்கில் வைத்துப் பார்த்தேன், "ஒரு நிமிஷம்" என்று மைக்கில் மூன்று முறை சொன்னேன். மண்டபம் அமைதியாகக் காத்திருந்தது. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

மூன்றாவது வரிசையிலிருந்து சவரிமுத்து அண்ணன் எழுந்து வந்தார். தோட்டத்து மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுகிறவர். எங்கள் பக்கத்தில் எந்த மோட்டார் எரிந்தாலும் அவரிடம்தான் போகும். சட்டைப்பையில் எப்போதும் ஒரு மீட்டர் வைத்திருப்பார்.

"லூஸ் கான்டாக்ட்டா இருக்கும் தம்பி. இங்கன குடுங்க" என்று தாளை வாங்கினார். மீட்டரின் இரண்டு முள்ளையும் தாளில் வைத்தார். இடம் மாற்றி மாற்றி வைத்தார். தாளை மடக்கிப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அப்புறம் மைக் இருப்பதைக் கவனிக்காமல் என்னிடம் அன்பாகச் சொன்னார்:

"தம்பி, இது பொட்டுக் கரண்டை விடல. ஆனா சரக்கு நல்ல சரக்கு. காயிலுக்கு நடுவுல வைக்கிற இன்சுலேசன் பேப்பரை விட இது கெட்டி. கிலோ என்ன வெலைக்கு வரும்?"

மூன்று வருட ஆராய்ச்சியின் முடிவு, ஸ்பீக்கர் வழியாகத் தெருவரைக்கும் போனது. முதல் வரிசையைப் பார்த்தேன். சித்தப்பா சிரிக்கவில்லை. நான் ஏதோ சொல்லப் போகிறேன் என்று வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு மேடைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்போதுதான் நிறம் உறைத்தது. "இது பச்சையாத்தானே இருந்துச்சு. யார் தொட்டது?" என்று கத்தினேன்.

பெண்கள் பக்கத்தில் சித்தி தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"நாந்தான்பா காலைல மந்திரிக்கக் கொண்டு போனேன்."

இங்கே ஒரு விளக்கம் வேண்டும். எங்கள் ஊரில் புதிதாக எது வந்தாலும் சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்காமல் அதைப் பயன்படுத்த மாட்டார்கள். டிராக்டர், போர்வெல் மோட்டார், நாற்று, மருமகள் கொண்டுவந்த மிக்ஸி, எதுவானாலும் முதலில் கோவில், அப்புறம்தான் வீடு. சித்தப்பாவின் கைக்குள் போகப் போகிற தாள் மட்டும் மந்திரிக்காமல் போகலாமா?

"தீர்த்தம் பட்டா நீலமாகாதே சித்தி."

"கன்னங்கரேல்னு ஒரே அழுக்கா இருந்துச்சுப்பா. அப்படியே கொண்டு போனா சாமியாரு என்ன நெனைப்பாக? ஒஞ் சித்தப்பா கைக்குள்ள வைக்கிறது வேற. வெந்நில சலவை சோடா போட்டு ஊறவச்சு, சோப்புப் போட்டு நல்லாக் கசக்கிக் காயப்போட்டேன். மந்திரிச்சு வந்து டப்பாக்குள்ளயே வச்சுட்டேன். கலர் தெளிஞ்சு வந்திருச்சேன்னு சந்தோசந்தான் பட்டேன்."

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தத் தாளுக்குள் அமிலம் இருக்கும்வரைதான் அது பச்சை, அதுவரைதான் கரண்டு. காரம் பட்டால் அமிலம் வெளியேறிவிடும். தாள் நீலமாகிக் கரண்டை நிறுத்திவிடும். சலவை சோடா அசல் காரம். சித்தி வெளுத்தது அழுக்கை இல்லை, மொத்த மின்சாரத்தையும். அது அவளுக்குத் தெரிய நியாயமில்லை. தெரிந்த நான் முகத்தை வெளுக்கப் போயிருந்தேன்.

ஆனால் எனக்கு உயிர் வந்துவிட்டது. திரும்ப அமிலம் கொடுத்தால் திரும்பப் பச்சையாகும். மைக்கைப் பிடித்தேன்.

"யார்கிட்டயாவது எலுமிச்சம்பழம் இருக்கா?"

மண்டபத்தில் ஒரு சலசலப்பு. பங்குச் சாமியார் நாற்காலியில் நிமிர்ந்தார். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: விஞ்ஞானி என்று கூப்பிட்டு வைத்தவன், சொன்னது நடக்கவில்லை என்றதும், சிலுவை மாட்டிய மண்டபத்தில் நின்று எலுமிச்சம்பழம் கேட்கிறான். அடுத்து வேப்பிலை கேட்பான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"சேவியர், இது பங்கு மண்டபம்" என்றார் சாமியார், தணிந்த குரலில்.

"அமிலத்துக்குத்தான் ஃபாதர்."

"எதுக்குன்னாலும் யோசிச்சுச் செய்."

பெரியத்தைதான் கைப்பையைத் துழாவி ஒரு பழத்தை எடுத்து நீட்டினாள். பஸ்ஸில் வாந்தி வராமல் இருக்க ஆண்டிபட்டியிலிருந்து மோந்துகொண்டே வந்த பழம். "திரும்பிப் போறதுக்கு வேணும், பூராத்தையும் புழிஞ்சுறாத" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

பூராவையும் பிழிந்தேன். தாள் ஓரத்தில் மெல்லப் பச்சை பிடித்தது, நடுவுக்குப் பரவியது. கிளிப்பை மாட்டினேன். பல்புக்குள் சோகை பிடித்த ஒரு வெளிச்சம் வந்தது. கைதட்டினார்கள். நான் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டேன். அவ்வளவு அவமானத்துக்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை என்பதற்கு வீடியோ சாட்சி இருக்கிறது.

சவரிமுத்து அண்ணன் மட்டும் மேடையை விட்டு இறங்கவில்லை. விழா நோட்டீசில் ஒரு துண்டு கிழித்தார். மிச்சமிருந்த எலுமிச்சைச் சாற்றில் நனைத்தார். தாளை எடுத்துவிட்டு அந்தத் துண்டைக் கிளிப்புக்கு நடுவில் மாட்டினார். பல்பு அதே சோகையோடு எரிந்தது.

"தாளு இல்லாமலும் எரியுது தம்பி. இது பழத்தோட வேலை" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. மோட்டாரில் எங்கே கோளாறு என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்கிற பழக்கம். இதைத்தான் என் கைடு 'ஒப்பீட்டுச் சோதனை செய்தாயா, செய்தாயா' என்று என் நோட்டில் சிவப்பு மையால் கேட்டுக்கொண்டிருந்தார். பச்சை திரும்பியது தாளின் வேலைதான், கரண்டும் திரும்பியிருக்கும், நாளைக்குக் கழுவிக் காயவைத்துக் காட்டுகிறேன் என்றெல்லாம் சொல்ல நினைத்தேன். மண்டபம் சிரித்த சிரிப்பில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து சித்தப்பா எழுந்தார். மேடையோரம் வந்து நின்றார்.

"ஏலே, ஒண்ணு கேக்கேன். புளிப்பு இருந்தாத்தான் இது வேலை செய்யும், அப்படித்தான?"

"ஆமா சித்தப்பா."

"ரத்தம் புளிக்குமா?"

என் ஆராய்ச்சியின் மொத்தச் சிக்கலும் அந்த இரண்டு சொல்லுக்குள் இருந்தது. உடம்புக்குள் புளிப்பு கிடையாது; உள்ளே போனால் அமிலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிக்கொண்டு போய்விடும். கைடு இதையும் கேட்டிருந்தார். ஒரு வருடமாக, பிறகு பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டு வந்தேன்.

"புளிக்காது சித்தப்பா. உப்புத்தான் கரிக்கும்."

"அப்ப எங் கைக்குள்ள போனா இதே நீலந்தான?"

"நீலந்தான்."

"எலிக்காச்சும் வச்சுப் பாத்தியா?"

"இல்ல சித்தப்பா." மைக் ஆனில்தான் இருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். "மனுசருக்கு வைக்க இன்னும் ரொம்ப வருசம் ஆகும். வைக்க முடியுமான்னே தெரியாது. நான் அன்னைக்குப் போன்ல சொன்னது தப்பு. டாக்டர் சொன்னதுதான் சரி. நீங்க காத்திருக்க வேண்டாம்."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். திரும்பி, பெண்கள் பக்கம் பார்த்து, "லூர்து, திங்கக்கெழமை மதுரைக்குக் கெளம்பணும், துணிமணி எடுத்து வையி" என்றார். பிறகு சமோசா வாங்கப் போனார். எனக்குச் சால்வை போட்டார்களா என்று நினைவில்லை. வீடியோவில் போடுகிறார்கள்.

திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். ஏன் இத்தனை தாமதம் என்று டாக்டர் கோபப்பட்டார். "எங்க அண்ணன் மகன் ஒரு தாளு செய்றான், அதுக்காகக் காத்திருந்தேங்க" என்று சித்தப்பா உள்ளது உள்ளபடி சொன்னார். "யாரு அந்த மேதை?" என்றார் டாக்டர். சித்தப்பா திரும்பிப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த எலும்புப் படத்தை ரொம்ப ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் தைத்தும் பயனில்லாமல் போயிருக்கும் என்று டாக்டர் அந்த மேதைக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்.

காலிலிருந்து நரம்பெடுத்துத் தைத்தார்கள். நரம்பு மிக மெதுவாக வளரும். மாதத்துக்கு ஒரு விரற்கடை என்றால் அதிகம். எட்டு மாதம் சித்தப்பா ஒரு ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டே திரிந்தார். முதலில் மோதிரவிரலில் எறும்பு ஊர்வது போல் இருக்கிறது என்றார். அப்புறம் சுண்டுவிரலில் சூடு தெரிந்தது. ஒரு வருடத்துக்கு மேலாகி ஒருநாள் கவாத்துக் கத்தரியைப் பிடித்தார். அது கீழே விழவில்லை. சித்தி போனில் அழுதுகொண்டே சொன்னாள். நானும் ஆராய்ச்சிக் கூடத்தின் குளிர்பெட்டிக்குப் பின்னால் நின்று கொஞ்சம் அழுதேன். பாதத்தின் வெளி ஓரத்தில் ஓர் இடம் மட்டும் அவருக்கு இன்றைக்கும் மரத்துத்தான் இருக்கிறது. செருப்பு கடித்தாலும் தெரியாது, வசதிதான் என்கிறார்.

நான் சென்னைக்குத் திரும்பி மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். கழுவினாலும் எளிதில் போகாத, பெரிய மூலக்கூறு கொண்ட அமிலம் ஒன்றைத் தாளுக்குள் பூட்டி வைக்கும் வழியைத் தேடினேன். புதிய தாள் ஒவ்வொன்றையும் முதலில் வெந்நீரிலும் சலவை சோடாவிலும் ஊறவைத்துக் கசக்குவேன். எங்கள் கூடத்தில் அதற்கு 'லூர்து சோதனை' என்று பெயர் வந்துவிட்டது. எந்தத் தாளும் முழுசாகத் தேறவில்லை. சில, முன்னைவிட அதிக நேரம் தாக்குப் பிடித்தன. 2010-இல் வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "உடலுக்குள் அமிலத்தன்மை இல்லையே, அங்கே உங்கள் பொருளின் கதி என்ன?" என்று கேட்டார். ரத்தம் புளிக்குமா என்ற அதே கேள்வி, கோட்டு மாட்டி வந்திருந்தது. நான் சிரித்துவிட்டேன். எதற்குச் சிரித்தேன் என்று விளக்கப் பதினைந்து நிமிடம் ஆயிற்று.

பட்டம் கிடைத்தது, குடும்பத்தில் மரியாதை கிடைக்கவில்லை. நான் எந்த விஷயத்திலாவது கொஞ்சம் உறுதியாகப் பேசினால் போதும், "பெரியத்தை, பையில பழம் இருக்கா?" என்று யாராவது ஒருத்தர் கேட்பார்கள். என் கல்யாண மேடையில் அத்தனை பேர் கவர் கொடுத்தபோது சித்தப்பா ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தார். சவரிமுத்து அண்ணன் என் மனைவியிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டதே, "நாந்தாம்மா மாப்பிள்ளையோட ஆராய்ச்சியச் சரிபார்த்தது" என்றுதான்.

இப்போதும் ஊருக்குப் போனால் முதலில் சித்தப்பா வீட்டுக்குத்தான் போவேன். சித்தி டம்ளரும் கத்தியும் கொண்டுவந்து வைப்பாள். ஜூஸ் போடுவது மட்டும் சித்தப்பா. பழத்தை இரண்டாக நறுக்கி, என் மூக்குக்கு முன்னால் நீட்டி, வலது கையால் பிழிவார். கடைசியில் சுண்டுவிரல் மடங்கி அழுத்தும்போது இன்னொரு நாலு சொட்டு விழும். அந்த நாலு சொட்டையும் நான் ஒவ்வொன்றாக எண்ணுவேன்.

"ஏலே விஞ்ஞானி," என்பார் அப்புறம், டம்ளரை என் பக்கம் தள்ளிவிட்டு. "குடிச்சுப் பாரு. கரண்டு வருதா?"